சுவரொட்டியின் பின்பக்கம்

ஒரு கரடியின் காதை நான் நிமிர்த்தி வைத்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எண்பதுகளின் கடைசியில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்திக்கொண்டிருந்தார். டீ-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தாள் என்று பிரித்து, டிரேசிங் தாளில் கறுப்பு மையால் வரைந்து கொடுப்பது என் பொறுப்பு. அந்தத் தாளை வைத்துத்தான் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஸ்கிரீனில் படம் ஏற்றுவார்கள். நான் மை வைத்த இடத்தில் சாயம் இறங்கும், வைக்காத இடத்தில் இறங்காது. டிராயிங் பரீட்சையில் ஹையர் கிரேடு முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுக் களைத்துப்போய் அங்கே உட்கார்ந்தவள் நான். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டியூப் லைட். அந்த வட்டாரத்தில் கையில் பென்சிலோடு ஒரு பெண்ணுக்கு இருந்த இடம் அவ்வளவுதான் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தக் கரடிக்கு இடது காது மடங்கியிருந்தது. வரைந்தவனுக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்து, நான் அதை நிமிர்த்தி அழகாக்கிவிட்டேன். எனக்கு அப்போது என் கையைப் பற்றிக் கொஞ்சம் திமிரும் உண்டு. சரக்கு முழுவதும் அச்சாகி, மடித்து, பெட்டி கட்டும் நிலைக்கு வந்தபோது பையரின் ஆள் வந்து ஒரு பீஸை எடுத்துப் பார்த்தான். அவன் கண் நேராகக் காதுக்குத்தான் போனது. அந்தக் கரடி ஒருவருக்குச் சொந்தமானதாம். அவரைக் கேட்காமல் அதன் மேல் ஒரு கோடு கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாதாம். மொத்தமும் ரிஜெக்ட்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்: ‘சாம்பிளில் இருப்பது இருக்க வேண்டும். இல்லாதது இருக்கக் கூடாது.’

“அம்மிணி, இனிமே உன்ர மூளைய ஊட்லயே வெச்சுட்டு வா. கண்ண மட்டும் கொண்டுட்டு வந்தாப் போதும்,” என்றார்.

அன்றிலிருந்து நான் ஈ அடிச்சான் காப்பி ஆனேன். படத்தில் ஒரு தூசிப் புள்ளி இருந்தால்கூட அதையும் வரைந்துவைப்பேன். எரிச்சலில் செய்ய ஆரம்பித்தது, பிறகு அதுவே என் தொழில் சுத்தமாகிவிட்டது.

இதில் மாட்டிக்கொண்ட ஓவியர் ஒருவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவரும் நானும் ஒரே ஹாலில், ஒரே வரிசையில் உட்கார்ந்து டிராயிங் பரீட்சை எழுதியவர்கள். அவருக்கும் வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. டவுனில் ஒரு தியேட்டருக்குப் பேனர் எழுதிக்கொண்டிருந்தார். சாயம் வாங்க எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, “ஏனுங்க டீச்சர், பசங்கெல்லாம் ஒழுங்காப் படிக்கறாங்களா?” என்று கேட்பார். நானும் விடாமல், “ஹெட்மாஸ்டர் வந்தாத்தானுங்க படிப்பாங்க,” என்பேன். ஆகாத வேலையை வைத்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வோம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஜன்னல் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு நாள் நல்லபடியாகப் போகும்.

ஒரு நாள் அவர் கிண்டலை மறந்து வந்தார். ஏதோ ஒரு பழைய படத்தை ஒரு விநியோகஸ்தர் கோயமுத்தூர் ஏரியாவில் மறுபடி வெளியிடுகிறார், அதற்குப் புதுப் போஸ்டர் வரைய இவரைக் கூப்பிட்டிருக்கிறார். பேனர் எழுதினால் படம் மாறும்போது அதன் மேலேயே வெள்ளை அடித்துவிடுவார்கள். போஸ்டர் அப்படி இல்லை. அச்சாகும், ஊர் ஊராகப் போகும். இது நன்றாக ஓடினால் இனிமேல் வரும் படங்களுக்கெல்லாம் அவருக்கே வேலை என்று விநியோகஸ்தர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அசல் ஓவியத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்ட எடுத்து வந்திருந்தார். கதாநாயகனின் முகம் மட்டும், மூன்றே நிறத்தில். நெற்றியில் விழும் நிழலை ஒரே இழுப்பில் வைத்திருந்தார். நான் வெகுநேரம் பார்த்தேன். பொறாமையாக இருந்தது என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வலது மூலையில், பயறு அளவுக்குச் சின்னதாக அவர் கையெழுத்து.

“சைன் போட விட்டாங்களாங்க?” என்றேன்.

“கேட்டு வாங்கினனுங்க டீச்சர். அது ஒண்ணுதான் நான் கேட்டது,” என்றார்.

போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்ட அன்று காலை, மாமா யூனிட்டுக்குள் வரும்போதே கையில் அதைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒட்டிய பசை காய்வதற்குள், ஒரு சுவரிலிருந்து நுனி கிழியாமல் உரித்திருந்தார். பின்பக்கம் முழுக்க அந்தச் சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து வந்து ஒட்டியிருந்தது.

“கரடிச் சரக்கு அத்தனையும் குடோன்ல கெடக்குது. முன்னால கரடி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். முதுகுல இவரப் போடு. ஞாயித்துக்கெழமை தியேட்டர் வாசல்ல வெச்சாக் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிரும்,” என்றார்.

“இது அவரு வரைஞ்சதுங்க மாமா. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“ஏம் அம்மிணி, லைனுக்கு லைன் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துப் புதுப் படத்தையே ஊடு பூரா உக்காந்து பாக்கறாங்க. எவன் எவனக் கேட்டான்? படத்தையே எடுத்துக்கிட்டாங்க. நாம மூஞ்சிய மட்டும் எடுத்தாத் தப்பா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. குடோன் நிறையக் கிடந்த கரடிகள்தான் அந்தப் பதில். ஒரு காதை நிமிர்த்தியதற்கே கேட்க ஆள் இருந்தது அந்தப் படத்துக்கு. அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. என்னால் கெட்ட சரக்கு அது. அதைக் கரையேற்ற மாமா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்றால் நான் எந்த முகத்தோடு மறுப்பது?

போஸ்டரில் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகச் சின்னதாக்கி வரைந்தேன். இரண்டு நாள் வேலை. மாமா சொன்னபடி மூளையை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் வைத்து வரைந்தேன். நெற்றி நிழல், மீசை நுனி, எதுவும் தப்பவில்லை. கடைசிக் கட்டத்தில் அந்தக் கையெழுத்து இருந்தது. அதையும் வரைந்தேன்.

ஸ்கிரீன் கழுவி வந்ததும், தேவையில்லாத ஓட்டைகளைப் பிரஷ்ஷால் அடைக்கிற வேலையும் என்னுடையதுதான். மூலையில் கையெழுத்து தெளிவாக விழுந்திருந்தது. பிரஷ் கையில் இருந்தது. ஒரு சொட்டு வைத்தால் அடைந்துவிடும். நான் வைக்கவில்லை. சுவரில் எழுதியிருந்த சாக்பீஸ் வரி ஒரு காரணம். இன்னொன்று, அழித்தால்தானே திருட்டு என்று எனக்குத் தோன்றியது. அவர் கேட்டு வாங்கிய ஒரே ஒரு விஷயம் அது. ஊரெல்லாம் ஜனங்களின் முதுகில் அவர் பெயர் போகட்டுமே, இதையாவது அவருக்குச் செய்வோம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உபகாரங்களிலேயே அதைப்போல ஒருவரைக் கெடுத்தது வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் மாமா சொன்னதுதான் நடந்தது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கம்பெனி ஆட்கள் வாங்கி, அங்கேயே சட்டையைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போனார்களாம். முன்னால் பார்த்தால் காது நிமிர்ந்த கரடி, பின்னால் பார்த்தால் கதாநாயகன். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல், சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்பு, விநியோகஸ்தரின் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, அக்குளில் ஒரு தோல் பை. அவருக்குப் பின்னால் ஓவியர். மாமா அவர்களை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப் போவார் என்று நினைத்தேன். அந்த ஆளோ, “டிசைன் போடற எடம் எதுங்க?” என்று கேட்டுக்கொண்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார். கட்டம் போட்ட அந்தப் போஸ்டர் என் மேசைக்கு அடியில்தான் கிடந்தது, பின்பக்கம் மேலே தெரிய, சுண்ணாம்போடு. மற்ற கழிவுத் தாளோடு சேர்த்துப் போடலாம் என்று கீழே தள்ளியிருந்தேன்.

அந்த ஆள் பையிலிருந்து ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து மேசையில் விரித்தார்.

“இந்த டிசைன் உங்களுக்கு எப்படி வந்துச்சுங்க?”

“நாங்க ஜாப் வொர்க் பண்றவங்க. பார்ட்டி குடுத்தாங்க, அடிச்சோம்,” என்றார் மாமா. எங்கள் ஊரில் எது கெட்டாலும் சொல்கிற வாசகம் அது. யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

இந்த ஆள் கேட்டார். “எந்தப் பார்ட்டிங்க?”

மாமா டீ-ஷர்ட்டில் இருந்த படத்தின் மூலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அதுலயே சைன் போட்டிருக்குதுங்களே,” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அது பொய் என்றுகூட ஒருவர் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அந்த ஆள் ஓவியர் பக்கம் திரும்பினார்.

“நானும் அதைத்தான் சொல்றேன். சுவத்துல இருக்கறதப் பாத்து அடிக்கறவன் மொதல்ல சைனைத்தான் அழிப்பான். எந்தத் திருடனாவது பேரோட சேத்துத் திருடுவானா? அசலை எங்ககிட்டக் குடுக்கறதுக்கு முன்னால இங்க கொண்டாந்து காட்டினதா வர்ற வழியில நீங்களே சொன்னீங்க.”

“காட்டினது உண்மைதானுங்க,” என்றார் ஓவியர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “டீச்சர்கிட்டக் காட்டினனுங்க. பாக்கறதுக்குத்தானுங்க காட்டினேன், குடுக்கலைங்க.” என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க சொல்லுங்க. நான் குடுத்தனுங்களா?”

நான் தலையை நிமிர்த்தினேன். அவருக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். அவர் என்னை முறைக்கவில்லை, மிரட்டவில்லை, அப்போது வெறுமனே பயந்துபோயிருந்தார். போலீஸ், கேஸ், யூனிட்டுக்குப் பூட்டு, அக்காள், அக்காளின் இரண்டு பிள்ளைகள் எல்லாம் எனக்கு ஒரு நொடியில் தோன்றியதாகப் பிற்பாடு எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தோன்றியதும் நிஜம். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தோன்றியது என்னுடைய நாற்காலி. அந்த ஜன்னல், அந்த டியூப் லைட். அது போனால் நான் செக்கிங் டேபிளில் நின்று நூல் பிசிறு வெட்டத்தான் போக வேண்டும்.

மேசைக்கடியில் என் வலது காலை நகர்த்திப் போஸ்டரின் மேல் வைத்தேன். பசை காய்ந்த தாள் மொறுமொறுவென்று சத்தம் போட்டது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எனக்கு என்ன குடுக்கறாங்களோ அதை வரையறதுதானுங்க என்ர வேலை,” என்றேன்.

ஓவியர் தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும், அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். அவமானத்தில் குனிந்து நிற்கிறார் என்று நினைத்தேன். பிறகு “சரிங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை.

விநியோகஸ்தர் கேஸ் எதுவும் போடவில்லை. அச்சடித்த மரச்சட்டங்களை உடைக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மீதிச் சரக்கை மாமா சந்தையில் தள்ளினார். தண்டனை முழுவதும் ஒருவருக்குத்தான். அடுத்த போஸ்டரை வேறு ஒருவர் வரைந்தார். டிசைனை வெளியே விற்கிறவர் என்ற பேச்சு தியேட்டர்காரர்களிடம் பரவியபின், பேனர் வேலைக்கும் அவரைக் கூப்பிடுவது நின்றது. சோமனூரில் அவர் மச்சினன் தறி வைத்திருப்பதாகவும், அங்கே போய்விட்டதாகவும் சாயக் கடைக்காரர் சொன்னார். நான் அக்காளிடம் ஒரு நாள் அழுதேன். “உடுறி, அவங்களுக்கு வேற வேல கெடைக்காமயா போயிரும்,” என்றாள் அவள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அந்தப் போஸ்டரை நான் தூக்கிப் போடவில்லை. எரிக்கவும் துணியவில்லை. சுருட்டி ஒரு பழைய பாவாடைத் துணியில் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியைத் துடைக்கும்போது சுண்ணாம்பு உதிர்ந்து கிடக்கும். ஒன்றும் நினைக்காமல் துடைத்துவிட்டு மூடிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாமா யூனிட்டை மூடினார். நான் ஒரு பெரிய கம்பெனியில் டிசைன் பிரிவுக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் வந்திருந்தது. சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு சாம்பிளைக் கொடுக்க பேக்கிங் பிரிவுக்குப் போனபோது, அட்டைப் பெட்டிகளின் மேல் தகட்டை வைத்துக் கறுப்பு மையால் எழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். எழுத்து வெட்டிய தகடு ஏற்கெனவே இருக்கும். அதை வைத்து மையைத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி எண், எடை, போகிற துறைமுகம். வரையத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாத வேலை.

முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க டீச்சர். நல்லா இருக்கீங்களா?”

டீச்சர் என்றார். ஏதோ உளறிவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுவதும் என்னால் ஒரு கோடு நேராகப் போட முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில், துணிச் சுருளைக் கொண்டுபோய் அவர் முன்னால் ஒரு பெட்டியின் மேல் வைத்தேன்.

அவர் பிரித்தார். முகத்தைப் பார்த்தார். அதன் மேலிருந்த என் பென்சில் கட்டங்களைப் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்துச் சுண்ணாம்பை விரலால் தடவினார்.

“அன்னைக்கு இது என்ர காலுக்கடியில இருந்துச்சுங்க. சுவத்துலருந்து உரிச்சதுன்னு பாத்தாலே தெரியும். நான் எடுத்துக் காட்டியிருக்கோணும். காட்டலைங்க,” என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது.

“தெரியுமுங்க டீச்சர்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“ஒரு மூலை வெளிய நீட்டிட்டு இருந்துச்சுங்க. நான் கீழ பாத்துட்டேதானுங்க நின்னேன்.”

உடனே எனக்குக் கோபம் வந்தது. நான் அப்படித்தான். தப்பு என் மேல் இருக்கும்போதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும். “பாத்தீங்களா? பாத்துட்டு ஏனுங்க சும்மா நின்னீங்க? குனிஞ்சு எடுத்து அவங்க மூஞ்சி மேல வீசியிருக்கலாமல்லங்க? உங்க பொழப்பல்லங்க அது!”

சத்தம் கேட்டு, பெட்டி கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போஸ்டரை நான் கொண்டுவந்த மாதிரியே சுருட்டத் தொடங்கினார்.

“நாலு பேரு நிக்கறப்ப, ஒரு பொம்பளை காலடியில குனிஞ்சு, கால எடுங்கன்னு சொல்றதுங்களா? எனக்கு வாய் வரலைங்க.” துணியை மேலே சுற்றி முடிச்சுப் போட்டார். “அதில்லாம, நீங்களே எடுப்பீங்கன்னு நெனச்சனுங்க. அதுக்குத்தான் சித்த நேரம் நின்னு பாத்தேன்.”

“இப்பப் போலாமுங்க. அந்த விநியோகஸ்தர்கிட்டப் போயி நானே சொல்றனுங்க,” என்றேன்.

“அவரு தவறி ரெண்டு வருசம் ஆச்சுங்க. இனி ஆருகிட்டங்க காட்டறது?”

சுருளை என் கையில் கொடுத்தார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் படம்தானே என்றேன். “உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க டீச்சர்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்துத் தகட்டை வைத்தார்.

அது இப்போதும் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. முகம் மங்கிவிட்டது, கையெழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. அவர் நின்றுகொண்டிருந்த அந்த ஒரு நிமிஷத்தில் நான் காலை எடுத்திருக்கலாம்.